வெறுந்தொண்டைப் பாட்டு

என் குரலை விற்றுத் தின்கிறவருக்கு என் பெயரைச் சொல்ல மட்டும் கூச்சமாக இருக்கிறது. இசக்கிப்பாண்டி அண்ணாச்சியைத்தான் சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் நாட்டுப்புறப் பாட்டுக் குழு நடத்துகிறார். அதில் தலைப்பாடகன் நான், சொரிமுத்து. என்னோடு சோடி சேர்ந்து பாடுகிறவள் சித்ரலேகா. கோவில் கொடைத் திருவிழா என்றால் எங்கள் காதல் பாட்டுக்குத்தான் கூட்டம். மேடையில் அவளை மாமன் மகளே என்று நான் கொஞ்சினால், கீழே உட்கார்ந்திருக்கிற பெண்கள் அவளுக்கும் சேர்த்து வெட்கப்படுவார்கள்.

போன பங்குனியில் ஒரு யூடியூப்காரப் பெண் மைக்கை நீட்டி, "அண்ணனுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்டாள். எத்தனை பேரிடம்தான் மழுப்புவது? "எனக்குப் பொம்பளைங்க மேல நாட்டமில்லம்மா. டைட்டஸ்னு ஒருத்தன். கடக்கரைக்காரன், மீன்பிடி போட்டு இன்ஜின் ரிப்பேர் பாக்குதான். அவன்கூடத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். டைட்டஸ் முன்பே சொல்லியிருந்தான், யாரிடம் வேண்டுமானாலும் சொல், எனக்குப் பயமில்லை என்று. அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டுவிட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குழுவின் வேனில் என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. தவில்காரன் ஸ்பீக்கர் பெட்டி மேல் குந்திக்கொண்டு வந்தானே தவிர என் பக்கத்தில் உட்காரவில்லை. "இத்தன வருசமா என் கண்ணப் பாத்துல்லா பாடின? இப்ப ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கி" என்றாள் சித்ரலேகா. அவள் கோபத்திலாவது கொஞ்சம் நியாயம் இருந்தது.

அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"லே, நீ எவன்கூடவும் கிட. எனக்கென்ன வந்துது? அத எதுக்குலே ஊருக்குச் சொன்ன? சும்மா தமாசுக்குச் சொன்னேன்னு இன்னொரு வீடியோ போடு. போடலன்னா நாளையிலருந்து வண்டியில ஏறாத."

"தமாசு இல்ல அண்ணாச்சி."

மறுநாள் நான் ஏறவில்லை.

பத்து நாளைக்குள் என் இடத்தில் ஒரு தென்காசிக்காரன் நின்றான். பார்க்க லட்சணமானவன், பாட்டுதான் வராது. அதனால் என்ன? நான் பாடிப் பதிந்து வைத்த பாட்டெல்லாம் அண்ணாச்சி கையில் இருக்கிறதே. மணிமுத்தாறு பக்கம் நடந்த கச்சேரியைப் போனில் பார்த்தேன். தொண்டை என்னுடையது, வாய் அவனுடையது. நான் செய்கிற மாதிரியே காதோரம் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். சனம் விசிலடிக்கிறது. அண்ணாச்சிக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அடுத்தது ராதாபுரம் பக்கத்தில் ஒரு சுடலை கோவில் கொடை. அங்கே வருஷா வருஷம் நான்தான் பாடுவேன். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மதியக் கொடையில் சாமி அழைக்கிற நேரத்தில் ஜெனரேட்டரை அணைத்துவிடுவார்கள். மைக் கிடையாது, பெட்டி கிடையாது. உடுக்கைச் சத்தமும் ஆம்பளை ஒருத்தனின் வெறுந்தொண்டையும்தான். அந்தப் பாட்டு கேட்டால்தான் சாமியாடி மேல் சாமி வரும். அண்ணாச்சிக்கு இது தெரியாது. பாட்டு தொடங்கிவிட்டால் அவர் வேனில் படுத்துக் குறட்டை விடுகிறவர். எனக்குத் தெரியும். அவர் முழிக்கிற முழியைப் பார்க்கத்தான் போனேன். நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது.

என்னைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். "அந்தா நிக்கான் பாரு, அவன்தான்லே" என்று ஒரு குரல். தண்ணீர் பாக்கெட் ஒன்று முதுகில் வந்து விழுந்து உடைந்தது. நான் நகரவில்லை.

ஜெனரேட்டர் நின்றது. சாமியாடி குளித்த ஈரத்தோடு, கழுத்து நிறைய மாலையோடு, கண்ணை மூடி நின்றார். உடுக்கை தொடங்கியது. தென்காசிக்காரன் வாயைத் திறந்தான். இரண்டு வரிக்குள் குரல் உடைந்துவிட்டது. முதலில் சிரித்த கூட்டம் பிறகு சிரிக்கவில்லை. உடுக்கை மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. வேனிலிருந்து எழுந்து ஓடிவந்த அண்ணாச்சி கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, வந்து பாடுலே. மத்தத பொறவு பேசிக்கிடலாம்."

"பாடுதேன். சொரிமுத்து பாடுதான், டைட்டஸ்கூட இருக்கவன், தெரிஞ்சுதான் கூப்பிடுதோம்னு எல்லாரு முன்னயும் சொல்லுங்க."

"சாமி காரியத்துல பேரம் பேசுதியா?"

"என் குரல எவன் வாயிலயோ வச்சு வித்தியளே, அப்ப சாமி எங்கன போயிருந்துது?"

விழாக் கமிட்டித் தலைவரும் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் அண்ணாச்சியிடம் சொன்னார்: "அவன அந்தத் திரைக்குப் பொறவு நிக்கச் சொல்லும்வே. பாட்டு கேட்டாப் போதும், ஆளு தெரியக் கூடாது."

நான் மாட்டேன் என்றேன். ஆனால் உடுக்கை நிற்கவில்லை. அந்தப் பாட்டின் முதல் வரி என் நாக்கில் வந்து நின்றுகொண்டு உயிரை எடுத்தது. எனக்கு அந்தப் பாட்டு அத்தனை பிடிக்கும். அந்த மேடையும் பிடிக்கும். இவர்களை வெறுக்க முடிந்த எனக்கு அதை வெறுக்க முடியவில்லை.

"சரி அண்ணாச்சி, டைட்டஸ் பேரு வேண்டாம். என் பேர மட்டும் சொல்லுங்க. மேல நின்னு பாடிட்டு எறங்கிப் போயிருதேன்."

சொன்ன வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தலைவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஒம் பேரச் சொல்லித்தான் சாமி வரணுமாக்கும்? அதுக்கு வராமலே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பூசாரி பக்கம் திரும்பினார். "படையலப் போடும்வே."

உடுக்கை நின்றது. யாரோ வந்து சாமியாடியின் மாலையைக் கழற்றினார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி அவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். அவ்வளவுதான், கூட்டம் என் பக்கம் திரும்பியது. இவன் கால் வைத்ததால்தான் சாமி வரவில்லை என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். செருப்பு ஒன்று தோளில் பட்டது. பாட ஆளில்லாமல் செய்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெயின் ரோட்டில் பனைமரத்து ஓரமாக டைட்டஸ் பைக்கோடு நின்றான். என் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"பாடினியா?"

"இல்ல."

"சாமி வந்துச்சா?"

"கூப்பிட ஆளில்ல."

அவன் வண்டியில் உட்கார்ந்தான். நான் ஏறாமல் நின்றேன்.

"மொதல்ல நம்ம ரெண்டு பேரு பேரையும் சொல்லச் சொன்னேன் டைட்டஸ். பொறவு, ஒம் பேரு வேண்டாம், என் பேரு மட்டும் போதும்னு சொல்லிட்டேன். அப்பவும் மாட்டேனுட்டானுவ."

அவன் சாவியில் கை வைத்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு மினி பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"ஏறு" என்றான், திரும்பிப் பார்க்காமல்.