பூட்டில்லாத டின்

ரிசஸ் மணி அடித்ததும் ராக்காயி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு. வியாபாரம் தொடங்குகிற நேரத்தில் வியாபாரி இடத்தைக் காலி செய்யும் கடை ஈப்போவிலேயே அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மேசைமேல் வடைத் தட்டு. அதன் பக்கத்தில் சதுரமாக வெட்டிய பத்திரிகைத் தாள்கள், அவை பறக்காமலிருக்க ஒரு கல். ஓரத்தில், காசு போட மூடியில் கீறல் விட்ட ஒரு மைலோ டின். எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிட்டு ராக்காயி சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழாயடித் திட்டில் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து மேசை தெரியாது. பையன்கள் ஓடிவரும் சத்தமும் தள்ளுமுள்ளும் கேட்கும். கூர்ந்து கேட்டால் காசு விழும் சத்தமும் கேட்கும்.

மேசைக்கு மேலே சுவரில் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. முதல் நாளே அவள் பியூன் லூர்துசாமியிடம் கேட்டாள்.

"என்னா தம்பி எழுதியிருக்கு?"

"யாரும் பாக்காதப்பவும் கடவுள் பாக்குறாருன்னு எழுதியிருக்குக்கா."

"வெல எழுதலியா?"

"வடை பத்துக் காசுன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

போன வருஷம் வரை ராக்காயியும் அவள் கணவன் சின்னையாவும் பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டம். அறுத்த குலையொன்று சின்னையாவின் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவனால் நிற்க முடிந்தது, நெடுநேரம் முடியவில்லை. அந்த வருஷமே தோட்டம் கைமாறியது. புது முதலாளிக்கு லயத்து வீடுகள் வேண்டியிருந்தன, அவற்றில் இருந்தவர்கள் வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் ஒதுங்கினார்கள். சின்னையா உட்கார்ந்தபடியே பருப்பு அரைத்துக் கொடுப்பான். ராக்காயி வடை சுட்டு, சாயந்தரம் சினிமாக் கொட்டகை வாசலில் விற்பாள். மழை வந்தால் விற்காது. ஈப்போவில் மழை வராத சாயந்தரம் குறைவு.

அடுத்த வீட்டு லூர்துசாமிதான் அவளை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். தலைமையாசிரியர் பிரதர் பெர்னார்ட் தமிழர். சித்தியவான் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளை. நல்ல மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. வடையை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேன்டீன சீனத் தவ்கேகிட்ட குத்தகைக்குக் குடுத்தாச்சும்மா. அதுல நான் கை வைக்க முடியாது. ஆனா ரொம்ப நாளா என் மனசுல ஒண்ணு இருக்கு." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க படிக்கிற பையன்க டாக்டரு, லாயருன்னு ஆவுறாங்க. அது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கும். எங்க சபை பள்ளிக்கூடம் நடத்துறது அதுக்காக மட்டும் இல்ல. ஆள் நிக்காத எடத்துலயும் நேர்மையா நடக்குற மனுசன உண்டாக்கணும். அதப் புஸ்தகத்துல படிச்சுக் குடுக்க முடியாது. பழக்கித்தான் குடுக்கணும்."

ராக்காயிக்கு அவர் பேச்சு பிடித்துப்போயிற்று. தோட்டத்தில் பெரிய ஆள் எவரும் அவளிடம் இவ்வளவு நேரம் கத்தாமல் பேசியதில்லை.

"அப்ப நான் எங்க நிக்கணும் சாமி?"

"நீங்க நிக்கவே கூடாது. அதாம்மா பாடமே."

டின்னுக்குப் பூட்டுப் போடலாமா என்று லூர்துசாமி கேட்டதற்கும் பிரதர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டார். பூட்டு இருந்தால் பாடம் கெட்டுவிடும்.

முதல் நாளே தட்டு காலியானது. இரண்டாம் நாளும் காலியானது. டின்தான் தட்டுக்கு ஈடு கொடுக்கவில்லை. பையன்கள் எல்லாரையும் திருடர்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலோர் காசு போட்டார்கள். சிலர் நாளைக்குச் சேர்த்துப் போடலாமென்று நினைத்து மறந்தார்கள். சிலர் ஒரு வடைக்குப் போட்டுவிட்டு இரண்டு எடுத்தார்கள். இன்னும் சிலர், பக்கத்தில் நிற்பவன் பார்க்கட்டும் என்று எதையாவது போட்டார்கள். பள்ளிச் சட்டையின் வெள்ளைப் பொத்தான் அப்படித்தான் டின்னுக்குள் வந்தது.

ரிசஸ் முடிந்ததும் லூர்துசாமி டின்னை ஆபிசுக்கு எடுத்துப் போவான். தட்டில் எத்தனை வடை வைத்தாள் என்று பிரதர் ராக்காயியைக் கேட்பார். மாணவர் தலைவனைப் பக்கத்தில் நிறுத்தி எண்ணுவார். எண்ணிய காசை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுவார், பள்ளிக்கூடம் ஒரு காசு எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எண்ணி முடித்ததும் அவர் முகம் வாடிப்போகும். தனக்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று ராக்காயி முதலில் நினைத்துக்கொண்டாள். அவர் வருத்தம் முழுவதும் பையன்களுக்காக என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. டின்னு இப்படியே குறைஞ்சிக்கிட்டு இருந்தா மேசைய எடுத்துடப் போறேன். பையன்களுக்கு அந்தத் தகுதி இன்னும் வரலேன்னு அர்த்தம். நானே அவங்களுக்குத் திருட வாய்ப்புக் குடுத்தாப்ல ஆயிடும்."

"நான் பக்கத்துல நின்னா எடுக்க மாட்டாங்க சாமி."

"நீங்க நின்னா அதுக்குப் பேரு கடைம்மா. கடை தவ்கேகிட்ட இருக்கு."

அன்று சாயந்தரமும் மழை. சினிமாக் கொட்டகைக்குப் போகவில்லை. சின்னையா ஆட்டுக்கல்லின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையில் மேல் பொத்தான் மட்டுமே இருந்தது, கீழே ஊக்கு குத்தியிருந்தான்.

"மேச போச்சுன்னா என்னா செய்யிறது?" என்றான்.

"போகாது" என்றாள் ராக்காயி. அவள் வழி முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். காசு குறைந்தாலும் பள்ளிக்கூடத்தில் தட்டு காலியாகிறது. கொட்டகை வாசலில் பாதித் தட்டு ஊசிப்போய்த் திரும்புகிறது. மேசை இருக்கிறவரைதான் அடுப்பு எரியும்.

திங்கட்கிழமை, இரண்டாம் மணி அடித்துப் பையன்கள் வகுப்புக்குள் போனதும் அவள் மேசைக்கு விரைந்தாள். டின்னைத் திறந்து காசைப் பார்த்தாள். கிடந்த பொத்தானை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, குறைந்ததற்குத் தன் காசைப் போட்டு மூடினாள். போட்ட காசு ஆபிசுக்குப் போய் எண்ணப்பட்டு அவளிடமே திரும்பி வந்துவிடும். போன வடை மட்டும்தான் வராது.

அன்று பிரதர் இரண்டு தடவை எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. மாணவர் தலைவனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

லூர்துசாமி அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னாக்கா செய்யிறீங்க?"

"என் காசுதான போடுறேன். எடுக்குறதப் பாத்தா கத்து."

"பிரதருக்குத் தெரிஞ்சா சூசாலா, பெரிய வம்பு. பையன்கதான் போட்டாங்கன்னு அவரு நம்பிக்கிட்டு இருக்காரு."

"நம்பட்டும். நம்புற வரைக்கும் மேச இருக்கும்ல?"

"பாவசங்கீர்த்தனத்துல இத நான் சொல்லணுமா, நீங்க சொல்லணுமான்னு தெரியல" என்று முனகிக்கொண்டு லூர்துசாமி டின்னைத் தூக்கினான். ஆனால் அதற்குப் பிறகு டின்னை எடுக்க அவன் கொஞ்சம் தாமதமாகவே வந்தான்.

டின் அதன்பின் ஒருநாளும் குறையவில்லை. ஒரு தடவை அவசரத்தில் பத்துக் காசு கூடுதலாக விழுந்துவிட்டது. மறுநாள் அசெம்பிளியில் பிரதர் அதைப் பற்றியே பேசினார். கேட்டதற்கு மேல் கொடுத்த அந்தக் கை யாருடையது என்று தனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, அப்படிப்பட்ட ஒரு பையனுக்காகத்தான் இந்தப் பள்ளிக்கூடமே இருக்கிறது என்றார். பையன்கள் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்களாம். லூர்துசாமி வந்து சொன்னபோது ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. எண்ணெய் விலை ஏறியது, பருப்பு விலையும் ஏறியது. போகிற வடை போய்க்கொண்டே இருந்தது, பொத்தான்களும் அவ்வப்போது விழுந்துகொண்டிருந்தன. பார்க்க ஆளில்லை என்ற தைரியம் பையன்களுக்குப் பழகிவிட்டது. ராக்காயி உள்ளங்கையில் உருட்டும் மாவை ஒரு கிள்ளு குறைத்தாள். அடுத்த மாதம் இன்னொரு கிள்ளு.

ஒருநாள் பிரதர் அவளை ஆபிசுக்குக் கூப்பிட்டார். லூர்துசாமி கதவோரம் நின்றான். மேசையில் ஒரு தாளின் மேல் அவள் சுட்ட வடை ஒன்று இருந்தது.

"பையன்க வந்து சொன்னாங்கம்மா. நான் நம்பல. அப்புறம் நானே பாத்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "மொதல்ல இருந்த வடை இல்ல இது."

ராக்காயி வடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மாசமா அந்தப் பையன்க ஒரு காசு ஏமாத்தல. பக்கத்துல யாரும் நிக்கல, பூட்டுக் கெடையாது. இருந்தும் டின்னு ஒருநாள் குறையல. அப்படிப்பட்ட புள்ளைங்கள நாம ஏமாத்தலாமா? அவங்க நம்மளப் பாத்து என்னா கத்துக்குவாங்க, சொல்லுங்க."

ராக்காயிக்கு ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். லூர்துசாமியும் வாயைத் திறந்துவிட்டான். "பிரதர், அது வந்து..."

"பெருசாவே போட்டுர்றேன் சாமி" என்றாள் ராக்காயி அவனை முந்திக்கொண்டு.

"அது போதும்மா." பிரதருக்கு முகம் தெளிந்தது. "வர்ற வாரம் மத்த மிஷன் பள்ளிக்கூடத்துலேருந்து பெரியவங்க வாராங்க. நம்ம மேசையப் பாக்கத்தான் வாராங்க. அவங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படிச் செய்யணும்னு ஆசப்படுறாங்க. அன்னைக்கு வடை நல்லா இருக்கணும்."

பெரியவர்கள் வந்த அன்று வடை முதல் நாள் அளவிலேயே இருந்தது. ராக்காயி கல்லை எடுத்துத் தாள்மேல் வைத்தாள், மணி அடித்தது, குழாயடிக்குப் போனாள். விருந்தாளிகள் மாடிப்படியில் நின்று பார்ப்பது பையன்களுக்கும் தெரியும். தள்ளுமுள்ளு இல்லை. காசு ஒவ்வொன்றாக விழுவது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இன்று முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். இப்படியே தினமும் யாராவது படியில் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

இரண்டாம் மணி அடித்தது. பிரதர் விருந்தாளிகளைக் கீழே அழைத்து வந்தார். தட்டில் கொஞ்சம் வடை மிஞ்சியிருக்க வேண்டும்.

"எடுத்துச் சாப்பிடுங்க ஃபாதர். சிஸ்டர், நீங்களும் எடுங்க. கூச்சப்படாதீங்க."

சிரிப்பும் பேச்சும் ஆபிஸ் பக்கம் நகர்ந்தன. ராக்காயி மேசைக்கு வந்தாள். தட்டு துடைத்தாற்போல இருந்தது. எண்ணெய் விரல்களைத் துடைத்துக் கசக்கிய தாள்கள் மேசைமேல் கிடந்தன. அவள் டின்னைத் திறந்து பார்த்தாள்.

லூர்துசாமி வந்து நின்றான். "குறையுதா?"

"விருந்தாளிங்க தின்னது குறையுது."

"பிரதரும் ரெண்டு எடுத்தாருலா. இதையாச்சும் சொல்லலாம்கா. அவங்க தின்னது, அவங்களுக்கே தெரியும்."

"அவங்க முன்னாடிதான எண்ணப் போறாரு?"

"ஆமா."

"அப்ப நவுரு."

காசுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொத்தானும் கிடந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஒருவன் போட்டிருந்தான். ராக்காயி அதை எடுத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துத் தன்னிடமிருந்த காசை ஒவ்வொன்றாகப் போட்டாள். முடிச்சில் ஒன்றும் மிஞ்சவில்லை. லூர்துசாமி அவளைப் பார்க்காமல் டின்னை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் தட்டைக் குழாயடிக்கு எடுத்துப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆபிஸ் ஜன்னல் திறந்திருந்தது. காசு அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரதர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

ராக்காயி தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தாள். பொத்தானை முந்தானையில் வைத்து, காசு இருந்த இடத்திலேயே முடிந்துகொண்டாள். இதையும் தைத்துவிட்டால் சின்னையாவின் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் சேர்ந்துவிடும்.