சும்மா ஒரு சின்னச் சாப்பாடு

1.
இந்தக் கதை என் சமையலறைச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து ஃபிளாட் வால்திரேனி தன் மகன் கிளேய்சனிடம் போட்ட சத்தம்தான் மூலம். எங்கள் பிரேசில் நகரமான பெலோ ஒரிசோஞ்சியில் சுவர்கள் மெல்லியவை. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

கிளேய்சனின் காதலியுடைய அம்மா கிளாவுசியா, ஞாயிறு மதியம் அழைத்திருந்தாள். இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அழைப்பு இவ்வளவுதான்: "சும்மா ஒரு சின்னச் சாப்பாடு. இருக்கிற மாதிரியே வாங்க."

2.
ஒரு வாரப் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'வால்திரேனி அலமாரியைத் திறந்தபோது விதி அவளை...' (அடித்துவிட்டேன். அலமாரிக்குள் விதிக்கு என்ன வேலை?)

இரண்டாவது: 'எங்கள் போர்த்துகீசில் விருந்தின் தரத்தை நேராகச் சொல்லும் வழக்கமில்லை.' கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் உண்மை, இருக்கட்டும். விருந்து பெரிதாக ஆக, அதைச் சொல்லும் சொல் சிறிதாகும். 'விருந்து' என்றால் ஏதோ ஒரு சட்டை. 'சின்ன விருந்து' என்றால் இஸ்திரி போட்ட சட்டை. 'இருக்கிற மாதிரியே வாங்க' என்று கேட்டால் என் மனைவி பியூட்டி பார்லருக்கு போன் செய்துவிடுவாள்.

(அடிக்குறிப்பு: சொல்வதையே நினைத்துச் சொல்பவர்களும் எங்களில் உண்டு. யார் என்பது கதவு திறந்தபிறகுதான் தெரியும்.)

3.
ஜீன்ஸ் போதும் என்றான் கிளேய்சன்.

"ஜீன்ஸாடா? நாம பஸ் கண்டக்டர் வீடுதானேன்னு அந்தம்மா பொண்ணு தரமாட்டேன்னுட்டா, அப்பறம் யார்கிட்டப் போய் அழுவ?"

பச்சை ஜிகினா வைத்த நீள கவுன். உயரத் தூக்கிய கொண்டை. வால்திரேனி படியிறங்கியதை நானே பார்த்தேன்.

4.
கிளாவுசியாவைத் திமிர் பிடித்தவளாக எழுதத்தான் ஆசை. முடியவில்லை. கதவைத் திறந்தவள் அரைக்கால் சட்டையில், ரப்பர் செருப்பில், கையில் கரண்டியோடு நின்றாள். விருந்தாளியை மேலிருந்து கீழே பார்த்தாள். முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் என்று மாடிக்கு ஓடினாள். அலமாரிகள் திறந்து மூடும் சத்தம்.

"நான் சொன்னேன்ல?" என்றான் மகன்.

"வாய மூடு. அந்தத் துண்ட எடு."

கொண்டையை அவிழ்த்தாள். உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். ஹீல்ஸைச் சோபாவுக்கு அடியில் தள்ளினாள். ஜிகினா மறைய இடுப்பில் சமையல் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

மாடியிலிருந்து இறங்கினாள் கிளாவுசியா. கறுப்புப் பட்டு, முத்துமாலை, ஹீல்ஸ்.

5.
இங்கே பேனா நின்றுவிட்டது. கிளாவுசியா திரும்ப மாடிக்கு ஓட, வால்திரேனி சோபாவுக்கு அடியில் துழாவ, இப்படியே ராத்திரி வரை கொண்டுபோகலாம். அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்க, இருவரும் ஒன்றாக ஓடினார்கள் என்று முடிக்கச் சொல்கிறாள் என் மனைவி. அவளுக்கு எல்லாக் கதையும் சமையலறையில்தான் முடிய வேண்டும்.

நடந்தது வேறு. யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவளும் சிரித்தாள். கல்யாணம் அந்த இடத்திலேயே நிச்சயமாகிவிட்டது.

தான்தான் முதலில் சிரித்ததாக வால்திரேனி சத்தியம் செய்கிறாள். "உன் பக்கத்து வீட்டுக்காரி உம்முன்னு நின்னா. நான் மட்டும் சிரிக்கலேன்னா கல்யாணம் ஏது?" என்கிறாள் கிளாவுசியா. நான் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவன். நீங்களே நிரப்புங்கள்:

முதலில் சிரித்தவள் ____________

பென்சிலால் எழுதுங்கள். இரண்டு பேருமே இந்தப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிப்பவர்கள்.