டோபியின் மேல் அடுக்கிய கற்கள்

வாடிக்கையாகச் சாப்பிட வரும் ரூஃபஸ் தொப்பியைக் கவிழ்த்ததும் சாப்பாட்டு மேசையில் கறுப்புக் கற்கள் உருண்டன. ஒன்றைச் சுத்தியால் தட்டினான். கறுப்புத் தோல் தெறித்து உள்ளே மஞ்சள் பளிச்சிட்டது. பீன்ஸ் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு லவீனியா ஓடி வந்தாள்.

அவள் கணவன் ஏமோஸின் முகத்தில் ஈயாடவில்லை. இதே போல ஒரு கல் முன்பு அவனுடைய கோட்டுப் பையில் கிடந்தது. எங்கே பொறுக்கினோம் என்று மண்டையை உடைத்தும் நினைவு வரவில்லை. அன்று பிடித்தது பைத்தியம். ஏமோஸ் தொலைத்த தங்கம் என்று யூமா ஊரே கதை பேசியது. அவன் பாலைவனமெல்லாம் நாயாய் அலைந்தான். அவள் வந்தவன் போனவனுக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போட்டுக் குடும்பத்தை ஓட்டினாள். அவன் கிளம்பும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"போற வழியில நம்ம டோபியை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்."

"அந்தப் பக்கம் தங்கமே கெடையாதுடி."

மேற்கே வண்டி கட்டி வந்தபோது காய்ச்சலில் போன குழந்தை டோபி. தண்ணீரில்லாத அந்த வழியில் அவள் தனியாகப் போக ஏமோஸ் விட்டதில்லை.

"எங்கடா கெடைச்சுது?" என்றான் ஏமோஸ்.

"காஞ்ச ஓடைக்கரையிலண்ணே. தோண்டவே இல்ல! எவனோ புண்ணியவான் எனக்குன்னே குவிச்சு வச்சிருந்தான். மேல ஒரு வண்டிப் பலகை வேற நட்டிருந்துச்சு. அதை எரிச்சுதான் காபி போட்டேன்."

நரி தோண்டிவிடக் கூடாதென்று டோபியின் குழிமேல் லவீனியாவும் ஏமோஸும் வெறுங்கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. பலகையில் பெயரைச் செதுக்கியவள் அவள்.

"பலகையில எழுத்து இருந்துச்சே?"

"இருந்திருக்கும்க்கா. எனக்கெங்க படிக்கத் தெரியும்?"

"கல்லை எடுத்துட்டு வேற எதையாச்சும் வச்சு மூடுனியா?"

"வெறும் மண்ணை எதுக்கு மூடணும்?" என்று சிரித்தான்.

பாவி! அவள் ஏமோஸைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. வெளுத்த முகத்தோடு எழுந்து ரூஃபஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று அவள் மனம் கொதித்தது.

"அது என் புள்ள மேல நான் அடுக்குன கல்லுடா," என்றான் ஏமோஸ். "பாதி எனக்கு வந்தாகணும்."

லவீனியா அவனையே பார்த்தாள். அவன் கண் கற்களை விட்டு நகரவில்லை.

தண்ணீர்ப் பையை நிரப்பினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவள் கோவேறு கழுதையை அவிழ்க்கும்போதும் உள்ளே பேரம் நடந்துகொண்டிருந்தது.