பளிங்கில் பற்றிய கை

"இன்னா பிரின்சி, கல்லப் பாக்கவா அவ்ளோ தூரம் போற? பூண்டி மியூசியத்துலயே கொட்டிக் கெடக்குதே!"

"நீ ஒருவாட்டியாச்சும் உள்ள போயிருக்கியா?"

போன வருஷம் திருவள்ளூர் ஸ்டேஷனில் அவள் அப்படி மடக்கியதை நினைத்தால் ராபினுக்கு இன்றும் சிரிப்பு வரும். ஏதென்சில் தொல்லியல் படிக்கும் பிரின்சி, இன்று அருங்காட்சியகத்திலிருந்து வீடியோவில் அழைத்தாள். அவன் கும்மிடிப்பூண்டி ஆலை வாசலில் டீயும் கையுமாக நின்றிருந்தான். நேற்று மலையேறிப் பார்த்த கோயில் இடிபாடுகளைப் பற்றிப் பேசித் தீர்த்தவள், ஒரு கல்லறைக் கல்லைக் காட்டினாள். பளிங்கில் கணவனும் மனைவியும் கைபற்றி நின்றார்கள்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் விடல பாரேன்!"

கல்லின் அழகைவிட, அதைச் சொல்லிப் பூரித்த முகம் அவனை அசத்தியது. இவ்வளவு படித்தவளிடம் எப்படிக் கேட்பதென்று கல்லூரி நாளிலிருந்தே விழுங்கிவந்ததைக் கேட்டேவிட்டான்.

"பிரின்சி, என்னக் கட்டிக்கிறியா?"