நண்டின் எடை குறையுமா?

வக்கீல் குணசேகரன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "சட்டப்படி இதுல ஒரு தப்பும் இல்லங்க. கையெழுத்துப் போடலாம்" என்றார். சவரியப்பன் பேனாவுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார்.

பதினைந்து வருடமாக மணமேல்குடிக் கரையில் நண்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறவர் அவர். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். இந்த வருடம் கம்பெனி கைமாறியதும், புதிதாக வந்தவர்கள் ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் அனுப்பி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் அறந்தாங்கிக்கு பஸ் ஏறியிருந்தார். பக்கத்து நாற்காலியில் மகள் அன்புமொழி.

பிளஸ் டூ முடித்திருந்த அவளுக்கும் ஒரு கெடு இருந்தது. சென்னையில் பி.பி.ஏ.வும் எல்.எல்.பி.யும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சேர்கிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். குவைத்திலிருந்து மாமா, பக்கத்திலேயே பி.காம். படித்தால் போதும் என்றார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "அஞ்சு வருசம் படிச்சிட்டு வக்கீலாவியா, யாவாரியாவியா?" அந்தக் கேள்வி இரண்டு வாரமாக அவளை விடவில்லை.

மேசை மேல் கிடந்த காகிதத்தை எட்டிப் படித்துக்கொண்டிருந்தவள், "சார், ஏழாவது பிரிவுல கம்பெனியில போடுற எடைதான் எடைன்னு இருக்கே?" என்றாள்.

"எல்லா அக்ரிமென்ட்லயும் வர்றதுதாம்மா அது."

"அப்பா, நம்ம எங்க எடை போடுவோம்?"

"கரையிலதான். வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி." சட்டைப்பையிலிருந்து கை பேனா இல்லாமல் வெளியே வந்தது. "அங்கிட்டுப் போட்டா கொறையுமே!"

குணசேகரன் நிமிர்ந்தார். "நண்டு எடை கொறையுமா?"

"கொறையாமயா? ஆறு மணி நேரம் வழியெல்லாம் தண்ணி வடியும்ல. நூறு கிலோவுக்கு ஆறு ஏழு போயிரும். வெயில்னா இன்னும் கூட."

"வாராவாரம் ஞாயித்துக்கெழம நண்டு திங்கிறேன். எனக்கு இது தெரியாதுங்க" என்று வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எட்டுப் பக்கத்தப் பாத்த பயத்துல நானும் சொல்லல சார்."

அன்புமொழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவருக்கு அந்தக் காகிதத்தில் தெரியாத சொல் இல்லை. இன்னொருவருக்கு அந்தக் கடலில் தெரியாத நண்டு இல்லை. இருந்தும் ஏழாவது பிரிவு இரண்டு பேரையும் தாண்டிப் போகப் பார்த்ததே! இதை எழுதியவர் யாராக இருக்கும்? நண்டைப் பற்றி நன்றாகத் தெரிந்து எழுதியவரா, சிமெண்டு மூட்டைக்கு எழுதியதை அப்படியே நண்டுக்கும் போட்டவரா? கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, அந்த ஆளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

எழுந்திருக்கும்போது படிப்பைப் பற்றிக் கேட்டாள். குணசேகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தனித்தனியாப் படிச்சா ஆறு வருசம், சேத்துப் படிச்சா அஞ்சு. ஆனா நடுவுல புடிக்கலன்னா எறங்குறது கஷ்டம். ரெண்டுமே அரைகுறையாப் போயிரும்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் படிச்சது வேற படிப்பு. எனக்கு நெசமாத் தெரியலம்மா."

அன்று மாலையே சவரியப்பன் கம்பெனிக்குப் போன் போட்டு, கரையில் போடும் எடையையே ஒப்பந்தத்தில் எழுதித் தரக் கேட்டார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றான் அங்கிருந்தவன். வேண்டுமானால் சரக்கோடு நேரில் வந்து பாருங்கள், குறைந்தால் அப்புறம் பேசலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகளும் நண்டு வேனில் ஏறினார்கள். ஏற்றுமுன் ஒரு பெட்டி நண்டைத் தனியாக நிறுத்து, இருபத்தைந்து கிலோ என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள் அன்புமொழி. பிறகுதான் ஐஸ் போட்டார்கள். வழி நெடுக அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் போனில் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒப்பந்தச் சட்டம் இருந்தது, சந்தை இருந்தது, கணக்கு இருந்தது. எதற்குள் என்ன இருக்கிறதென்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை.

தொண்டி தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. தொங்கு தராசை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். அந்தப் பெட்டியை மாட்டினால், கிளம்பியதைவிட மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது.

டிரைவர் மூக்கன் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஐஸோட நிறுத்தா எப்புடித் தெரியும்?"

சவரியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அன்புமொழிக்கும் சிரிப்பு வந்தது. சாலையோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்தாள். மூக்கன் கிளாஸை வைத்துவிட்டுத் தானும் குனிந்தார்.

வேனுக்குள் போன் அடித்தது. சவரியப்பன் எடுத்துக் கேட்டுவிட்டு, "காலேசுல இருந்தாம். சேர்றியா இல்லையான்னு கேக்குறாங்க. என்னத்தா சொல்ல?" என்றார்.

கை இரண்டும் நண்டுக்குள் இருந்தன. அவள் காதைச் சாய்த்துக் கொடுத்தாள்; அவர் போனை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? ஒரு அக்ரிமென்ட்ட மொதல்லேருந்து எழுதுறத எந்த வருசத்துல சொல்லித்தருவீங்க?"

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிட்டு விசாரிக்கும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள். முழங்கையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சவரியப்பன் ஒரு கையால் போனைப் பிடித்தபடி, தோளில் கிடந்த துண்டை மறுகையால் விரித்து, நண்டுகளின் மேல் வெயில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.