வெள்ளையனின் ஓட்டு

கம்ப்யூட்டருக்குக் கட்சி கிடையாது என்று முகாமைத் திறந்து வைத்தவர் பேசினார். நானும் கை தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய? விவரம் ஏற்றும் அந்தத் தற்காலிக வேலையே எனக்குக் கோவிந்தராஜ் சிபாரிசில் கிடைத்தது. அவர் ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருந்த கட்சிப் பிரமுகர். முகாமின் நலக்குழு உறுப்பினரும் அவரே.

தொண்ணூற்றெட்டில், கொட்டச்சேடு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் மனு முகாம். உதவித்தொகை கேட்பவரின் விவரத்தை ஏற்றினால், கம்ப்யூட்டர் அதை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுத் தகுதி சொல்லும். மூன்றாம் நாள் நான்கு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

அத்தாயி மூன்று நாளும் வந்தாள். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கையில் விழுந்து, வலது தோள் இறங்கிப்போனவள். இனி யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். விதவைப் பென்சன் வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே பதில்: ‘கணவர் உயிருடன் உள்ளார்.’

“அவரப் பொதச்சு மூணு வருசமாச்சு கண்ணு,” என்றாள்.

புதைத்தது சொந்தக் காட்டில். ஊருக்குச் சோறு போட்டதோடு காரியம் முடிந்தது. ஆபீசில் போய்ச் சாவை எழுதிவைக்க மலையில் யாருக்கும் தோன்றாது. அதனால் பட்டியலில் வெள்ளையன், வயது அறுபத்தேழு, சுகமாக இருந்தார். செத்த பிறகு ஓட்டும் போட்டிருந்தார். போட வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

நலக்குழு உறுப்பினர் எழுதிக் கையெழுத்திட்டால் பதிலை மாற்றலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே!

“பட்டியல்ல உசுரோட இருந்தா உசுரோடதான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் கோவிந்தராஜ். பிறகு என் காதருகே குனிந்தார். “தேர்தல் வரைக்கும் அந்தப் பேரு இருக்கோணும். உன் வேலையும் இருக்கோணுமல்ல செல்வி?”

அது மூன்றாம் நாள். மணி மூன்றரை. அத்தாயி நகரவில்லை.

“அப்பச் சரிங்க,” என்றாள். “அவருக்கு முதியோர் பென்சன் போடுங்க.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த முகாம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, வெள்ளையன் விவரத்தை ஏற்றினேன். மூன்று நாள் மனைவியை விரட்டிய கம்ப்யூட்டர், செத்தவரை ஒரே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டது. ‘தகுதி உண்டு. மனுதாரரை உயிருடன் நேரில் கண்டதாக நலக்குழு உறுப்பினர் கையெழுத்திட வேண்டும்.’

அச்செடுத்துக் கோவிந்தராஜ் முன்னால் வைத்தேன்.

“போடுங்க,” என்றாள் அத்தாயி. “நேத்து எங்கூட்டுல பாத்தேன்னே எழுதுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். அதிகாரி எழுந்து வந்து காகிதத்தின் கடைசி வரியை நிதானமாகப் படித்தார். “பொய் என்றால் சிறைத் தண்டனைங்க. பாத்துப் போடுங்க.”

சிரிப்பு நின்றது. பேனாவும் நின்றது. கோவிந்தராஜ் வரிசையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், கடைசியாக என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

“செத்துட்டாருன்னே எழுதிக் குடு. போட்டுத் தொலைக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தேன். போட்டார். இந்த முறை திரையில் அத்தாயி பேருக்கு நேரே ‘தகுதி உண்டு’ என்று வந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷம் பாதி, அடுத்த முகாமில் வேலை இருக்காதே என்ற பயம் பாதி.

கோவிந்தராஜ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகப் போனார்.

“செத்த இருங்க,” என்று வரிசையில் நின்ற கண்ணாயி முன்னால் வந்தாள். “எங்கூட்டுக்காரரும் செத்தும் ஓட்டுப் போட்டுட்டுத்தானுங்க இருக்காரு.”

அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பெண்கள் நின்றார்கள்.