சின்ன பாடி, நல்ல பிக்கப்

சென்னியப்பனுக்குக் கிடார் வாங்கித் தருவதில் அவன் அப்பா தங்கசாமிக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அதைப் பாடியோடு வாங்குவதில்தான் ஆட்சேபணை.

தங்கசாமி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கம்பெனியிலிருந்து வண்டி வெறும் சேசிஸாகத்தான் வரும். சட்டமும் சக்கரமும் இஞ்சினும் இருக்கும், கூரை இருக்காது. டிரைவர் ஒரு பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவான். அதற்குக் கேபின் வைத்து, பின்னால் மரப்பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து அனுப்புவது பட்டறையின் வேலை. பாடியோடு வண்டி வாங்கியவன் என்று ஒருத்தனை ஊரில் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியாது. அப்படி ஒருத்தன் இருந்தால் அவனுக்குப் பெண் கொடுப்பார்களா என்பதும் சந்தேகம்.

சென்னியப்பன் சேலத்தில் பி.காம். மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். 1984ஆம் வருடம். கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராவில் கிடார் அவன். அப்படித்தான் நோட்டீஸில் போடுவார்கள். காதால் கேட்டவர்கள் யாரும் இல்லை. மற்றவர்களைப் போலப் பிளாஸ்டிக் சில்லால் தந்தியை அறைவது அவனுக்குப் பிடிக்காது. கட்டை விரல் தாளத்தைக் கவனித்துக்கொள்ள, அடுத்த மூன்று விரல்களும் பாட்டைக் கவனித்துக்கொள்ளும். ரயில்வே காலனியில் கார்டு வீட்டுப் பையன் ஒருவனிடம் கற்ற வித்தை. அப்படி மீட்டினால் மூன்றடிக்குக் கேட்கும். இரண்டடியில் டிரம்ஸ் இருந்தது.

டிரம்ஸ் அடிப்பவனும் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவனும் ஒரே ஆள், வரலாறு படித்துக்கொண்டிருந்த மணியன். கல்லூரிக் கிடாரோ நெல் குதிர் அளவுக்கு இருந்தது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான சென்னியப்பன் அதைக் கட்டிப்பிடித்து, வலக்கையை மறுபக்கம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கை மரத்துப்போகும். இதையெல்லாம் ஒருநாள் ஒத்திகையில் பார்த்துவிட்டு மணியன் தீர்ப்புச் சொன்னான்.

"நீ அதை வாசிக்கறயா சொறியறயாடா மாப்ளே? காலேஜ் டேக்கு ஒயர் போட்ட கிடாரோட வா. இல்லாட்டி மராக்காஸ் ஆட்டு."

மராக்காஸ் என்பது சுரைக்குடுக்கைக்குள் கூழாங்கல் போட்ட மாதிரி ஒரு சாமான். அதை ஆட்டுகிறவனுக்குப் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போன வருடம் ஆட்டியவனுக்குத் தெரியாது.

சென்னியப்பன் அந்த வாரமே ஊருக்குப் போனான். தனக்கு வேண்டிய கிடாருக்குச் சின்ன பாடியாக இருக்க வேண்டும், நல்ல பிக்கப் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னான். தங்கசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்த மூன்று வருடத்தில் பையன் அவருக்குப் புரிகிற மாதிரிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிக்கப் என்றால் அவருக்கு வண்டி மேட்டில் திணறாமல் ஏறுவது. பையனுக்கு அது தந்தியின் சத்தத்தைப் பிடித்து ஒயர் வழியாக ஒலிப்பெட்டிக்கு அனுப்புகிற காந்தம். இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைப் பற்றி வெகுநேரம் ஒற்றுமையாகப் பேசினார்கள்.

அம்மா சௌந்திரத்துக்கு வேறு கவலை. மீட்டுவதற்காக அவன் வலக்கையில் வளர்த்த நகங்களை, சோறு போடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குப்பையைக் கிளறுகிற கோழிக்குக்கூட அது வேலைக்கு ஆகும், இவனுக்கு எதற்கு என்று கேட்டாள். கேள்வி நியாயமானது என்பதால் தங்கசாமி இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

அடுத்த நாள் தகப்பனும் மகனும் ராசிபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் சேலம் போனார்கள். கடைவீதியில் சுவாமிநாதன் என்பவருடைய வாத்தியக் கடை. அவர் மூன்று கிடார்களை எடுத்து வைத்தார். முதலாவது கல்லூரிக் கிடாருக்கு அண்ணன். இரண்டாவது முழு எலெக்ட்ரிக். வெறும் கட்டையில் கழுத்தை முடுக்கியிருந்தது. தங்கசாமிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. சேசிஸ் என்றால் இப்படி இருக்க வேண்டும், பாடியை நாம் கட்டிக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பாடியே கிடையாது, கடைசிவரை அப்படித்தான் என்று சுவாமிநாதன் விளக்கியதும், பாடி இல்லாத வண்டியை ஆர்டிஓ பாஸ் பண்ண மாட்டானே என்று வருத்தப்பட்டுக் கீழே வைத்தார்.

மூன்றாவதுதான் சென்னியப்பன் தேடி வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த சின்னக் கிடார். மடியில் கோழிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்தது. உள்ளே பிக்கப்பும் இருந்தது. ஆனால் தந்திகள் நெருக்கம். ஒரு தந்தியை நகத்தால் இழுத்தால் பக்கத்துத் தந்தி நானும் வருகிறேன் என்றது. தங்கசாமி அதன் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஊரான் கட்டின பாடியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று கேட்டார்.

அப்போதுதான் மூலையில் கிடந்த நாலாவது அவர் கண்ணில் பட்டது. கல்யாண வேன் ஒன்றில் தவில்காரர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம். வயிறு முழுக்க நொறுங்கி, கழுத்து மட்டும் முழுசாக இருந்தது.

"ஏனுங்க, இது ஆக்சிடெண்ட் வண்டிங்களா?" என்றார் தங்கசாமி.

"ரிப்பேருக்கு வந்ததுங்க. கொடுத்தவர் வேண்டாம்னுட்டார்."

தங்கசாமி அதை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தார். சேசிஸ் வளையவில்லை, பாடியைப் பட்டறையில் கட்டிக்கொள்ளலாம் என்றார். சென்னியப்பன் வாங்கி விரல்களை ஓட்டினான். கழுத்து அகலமாக இருந்தது. ஒவ்வொரு விரலும் பக்கத்துத் தந்தியை இடிக்காமல் போய்த் திரும்பியது. இந்தக் கழுத்தை மட்டும் அவனால் குறை சொல்ல முடியவில்லை. அங்கேதான் அவன் தோற்றான். கழுத்தையும், தனியாக ஒரு பிக்கப்பையும் வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

பட்டறையில் அவன் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எட்டு மாதிரி படம் போட்டான். அளவு மட்டும் சின்னதாக, பஸ்ஸில் மடியில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றான். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். என்ன லோடு ஏற்றுவான் என்று தங்கசாமி கேட்டார்.

"லோடு ஒண்ணும் இல்லீங்கப்பா. காத்துதானுங்க."

"காத்துக்கு எதுக்கு சாமி பாடி?"

சத்தம் அந்தக் காற்றில்தான் பிறக்கிறது, அதனால் பலகை அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும் என்று சென்னியப்பன் மன்றாடினான். பெயிண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னான். தங்கசாமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். லாரி முதலாளிகளிடமும் அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

கல்லூரி விழாவுக்கு முந்தின நாள் வந்து பார்த்தபோது கிடார் தயாராக இருந்தது. பெயிண்ட் இல்லை, வார்னிஷ்தான். கழுத்தும் பிக்கப்பும் ஒரு இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தன. கையில் வாங்கியதும் தோள் இறங்கியது. லாரியின் தளத்துக்குப் போடுகிற பலகையை இழைத்துச் செய்திருந்தார்கள். மூலைகளில் இரும்புப் பட்டை.

"ஒருத்தன் உக்காந்ததுக்கே ஒடஞ்சு போச்சல்ல. இது மேல லாரியே ஏறுனாலும் நிக்கும்" என்றார் தங்கசாமி.

சென்னியப்பன் மீட்டினான். மூன்றடிக்குக் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது அவனுக்கே கேட்கவில்லை. கட்டில் காலைத் தட்டின மாதிரி இருக்கிறது என்றாள் சௌந்திரம். திருப்பிப் பார்த்தான். கிடாரின் முதுகில், மஞ்சளில், கறுப்பு நிழல் கொடுத்து, "ஒலி எழுப்புக" என்று எழுதியிருந்தது.

பெயிண்ட் வேண்டாம் என்றுதான் சொன்னாய், எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார் தங்கசாமி. அது உண்மைதான்.

வேறு கிடாருக்கு நேரமில்லை. மறுநாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினான். கிடார் சத்தம் போடாவிட்டால் எடுத்துக்கொள்வதற்காக அவன் காலடியில் மணியன் மராக்காஸைத் தயாராக வைத்திருந்தான். சென்னியப்பன் ஒயரைச் சொருகத் திரும்பினபோது முன்வரிசை முதுகைப் படித்துவிட்டது. ஒருவன் வாயாலேயே "பாம்" என்றான். அடுத்த நிமிடம் கொட்டகை முழுக்க ஹாரன். பின்னால் பாலிடெக்னிக்கிலிருந்து வந்திருந்த மெக்கானிக்கல்காரர்கள் ஏர் ஹாரனே கொடுத்தார்கள். எழுதியிருப்பதைத்தானே செய்கிறார்கள் என்பதால் முதல்வராலும் கண்டிக்க முடியவில்லை.

சென்னியப்பன் கட்டை விரலைத் தந்தியில் வைத்தான்.

பிக்கப்புக்குப் பாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. மேடையின் இரண்டு பக்கத்துப் பெட்டியிலிருந்தும் தந்தி பேசியது. நகம் உரசுவதுகூடக் கேட்டது. ஹாரன் அடித்தவர்களில் சிலர் கேட்பதற்காக நிறுத்தினார்கள், சிலர் மூச்சு வாங்கியதால் நிறுத்தினார்கள். இரண்டாவது பாட்டில் மணியன் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். டிரம்ஸ் அடியைக் குறைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மணியன் வந்தான்.

"ரெண்டாவது பாட்டுல சரணத்துல தப்பா வாசிச்சடா. நல்லாவே தெரிஞ்சுது."

சென்னியப்பன் ஒயரைச் சுருட்டினான். அந்தத் தப்பை அவன் மூன்று வருடமாக அதே இடத்தில் செய்துவருகிறான். இதுவரை யாரும் சொன்னதில்லை. மணியன் குனிந்து மராக்காஸை எடுத்துக்கொண்டு போனான்.

கொட்டகை வாசலில் தங்கசாமி நின்றிருந்தார். டெலிவரி கொடுக்கப் போகிற லாரியில் ஏறி வந்திருந்தார். கிடாரை வாங்கிக் கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"தப்பா வாசிச்சனாமுங்கப்பா" என்றான் சென்னியப்பன்.

"அவனுக்குக் கேட்டுச்சாமா?"

"கேட்டுச்சாமுங்க."

"அப்பறமென்ன சாமி" என்று சொல்லிவிட்டு, தங்கசாமி கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.